நாற்பது எழுத்து

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள்.
என் பானைக்கு அது ஆகாது.
இங்கே எல்லாச் சோற்றையும் எண்ணியாக வேண்டும்,
ஒவ்வோர் இரவும்,
நேற்று எண்ணியதையும் சேர்த்து.

ஜெலுத்தோங்கில் ஓர் அச்சகத்தின் மேல்மாடி.
இரண்டு இயந்திரங்கள்,
ஏர்கோன் சொட்டும் தண்ணீருக்கு ஒரு நீல வாளி.
யார் யாரோ எழுதி, எடுத்துக்கொள் என்று
உலகுக்கு விட்டுப்போன நிரல்கள்
எழுபத்தோராயிரம்
இங்கே நகலாக இருக்கின்றன.
கூலிமில் ஒரு பள்ளிக்கூடம்,
மேடானில் ஒரு மருந்துக்கடை,
பெயர் தெரியாத ஒருவரின் படுக்கையறைக் கணினி,
நள்ளிரவில் வந்து கேட்கும்.
கொடுப்போம்.
நீ யார் என்று நாங்கள் கேட்பதில்லை.
நீங்கள் யார் என்று அவர்கள் கேட்க வேண்டும்,
அதுதான் முறை.

காய் ஜியுனை எனக்குப் பதினோரு வருடமாகத் தெரியும்.
அவன் கல்யாணத்தில் வாசலில் உட்கார்ந்து
அங்பாவ் வாங்கி வைத்தவள் நான்.
இருந்தும் அவன் சாவிக்கு நானும் என் சாவிக்கு அவனும்
சாட்சி சொல்ல வேண்டிய நாளில்,
பட்டர்வொர்த் பெர்ரியில் நின்றுகொண்டு
ஐ.சி.யைக் காட்டு என்றேன்.
சிரித்தான்.
நான் சிரிக்காததைப் பார்த்துப் பர்ஸைத் திறந்தான்.
படத்தில் தலை நிறைய முடி.

பிறகு என் ஐ.சி.யையும் கேட்டு வாங்கிப் பார்த்தான்.
தாளில் இருந்த நாற்பது எழுத்தையும்
இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திப் படித்தான்.
ஏழு. மூணு. மூணு. ஒன்பது.
ஹெல்மெட் கழற்றாத ஓர் ஆள்
நாலு நம்பர் என்று நினைத்து
உள்ளங்கையில் குறித்துக்கொண்டார்.
ஐந்தாவதாக எஃப் வந்ததும்
அவர் முகம் சுருங்கிவிட்டது.

போன சனிக்கிழமை, பின்னிரவு இரண்டு நாற்பது.
நேரம் திருத்தும் ஒரு சின்ன நிரல்,
பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது.
தொகை ஒத்துவரவில்லை.
மறுபடி எண்ணினேன்.
சென்னை நகலோடு வைத்துப் பார்த்தேன்,
ஜகார்த்தா நகலோடும்.
அவர்கள் இருவருக்கும் ஒரே பேச்சு, எனக்கு மட்டும் வேறு.
இரண்டு லட்சம் எழுத்தில் ஓர் இடத்தில்
ஆறு இருக்க வேண்டியது ஏழாக இருந்தது.
ஒரே ஒரு சோறு.

கதவைச் சாத்தினேன்,
எழுபத்தோராயிரத்துக்கும்.

திருடன் யாரும் வந்திருக்கவில்லை.
நினைவகச் சில்லு ஒன்று
ஒன்பது வருட உப்புக்காற்றில் பேதலித்துப்போய்
நகலெடுக்கும்போது கை நடுங்கியிருக்கிறது.
ஏட்டில் இப்படி நடந்தால் பாடபேதம் என்று
அடிக்குறிப்பில் மரியாதையாக உட்காரும்.
இங்கே அதற்கு நாற்காலி இல்லை.

சில்லை மாற்றினேன். கோப்பை மாற்றினேன்.
ஏழு மறுபடி ஆறானது.
மணி ஆறே கால், வெளியே இன்னும் இருட்டு.
அப்படியே திறந்துவிட்டால்
யாருக்கும் தெரிந்திருக்காது.
வாளி நிறைந்திருந்தது. தூக்கிப்போய் ஊற்றினேன்.
ஊற்றிய நேரம் முழுக்க
திறந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.
அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பதிவேட்டில் பதினோரு மணி நேரம், முப்பத்தேழு பேர்.
பெரும்பாலோரின் கணினி தானே ஒப்பிட்டுத்
தள்ளியிருக்கும்.
பெரும்பாலோர் என்பது ஓர் எண் அல்ல.

எழுதினேன்:
எங்களிடமிருந்து தவறான கோப்பு போனது.
இந்த மணியிலிருந்து இந்த மணி வரை.
தவறு எங்களுடையது.
வாங்கியவர்கள் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி எடுங்கள்,
வேண்டுமானால் வேறு இடத்தில்.
கடைசி வரியை அழித்தேன்.
திரும்ப எழுதினேன்.
வத்சலா முனியாண்டி என்று போட்டு
என் சாவியால் முத்திரை வைத்தேன்.

முதலில் வந்தது காய் ஜியுனின் வாட்ஸாப்.
படித்தேன், என்று.
பிறகு,
எழுதியது நீதானா என்று சரிபார்த்துவிட்டுத்தான் படித்தேன், என்று.
அதற்கும் பிறகு,
பசியாறிவிட்டாயா, என்று.